கத்தரி இடம்

அந்தப் பள்ளியில் அவளை எல்லோரும் டிராமா டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது மற்ற ஆசிரியர்களின் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடும். வயிற்றுவலி என்று சொல்லி மட்டம் போடப் பார்க்கும் பிள்ளையிடம் ‘டிராமா போடாதே’ என்கிறோமே, அந்தத் தொனிதான். கேட்டுக் கேட்டு அவளுக்கும் காது மரத்துப்போயிருந்தது.

பள்ளியின் விளம்பரத் தாளில் மட்டும் நாடகத்துக்கு ராஜ மரியாதை. வேஷம் கட்டிய பிள்ளைகளின் படம், அதன் கீழே ‘நாடகப் பயிற்சி, மேடை வாய்ப்பு’ என்று கொட்டை எழுத்து. சேர்த்துவிட்டுப் போன பெற்றோர் யாராவது திரும்பி வந்து அந்த வகுப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டால் அலுவலகமே முழிக்கும். வாரத்துக்கு ஒரு பீரியட். அதுவும் நாளின் கடைசி பீரியட். கணக்கு சாருக்குப் போர்ஷன் பாக்கி இருந்தால் அதுவும் கிடையாது. கணக்கு சாருக்கு எந்த வாரத்திலும் போர்ஷன் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

“டீச்சர், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் உங்க பீரியடக் குடுங்களேன். பசங்க பரீட்சை எழுதணுமில்ல?”

“எடுத்துக்குங்க சார்.”

இந்த இரண்டு வசனத்தையும் அவர்கள் வாராவாரம் பிசகாமல் பேசினார்கள். சின்ன வயதில் ஊர் ஊராகப் போன ஒரு நாடகக் குழுவில் குரலால் கூரையை அதிரவைத்தவள்தான் அவள். குழு கலைந்தது, கல்யாணம் ஆனது, இந்த வேலை கிடைத்தது. மாட்டேன் என்ற சொல் மட்டும் எங்கேயோ வழியில் தொலைந்துவிட்டது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கணவர்கூடச் சொல்வார்: “ஸ்கூல்ல கத்திக் கத்திச் சொல்லிக்குடுக்குற. உனக்குன்னு ஒண்ணு கேக்கணும்னா மட்டும் வாயில கொழுக்கட்டையா?” அவள் அவருடைய எண்ணெய்ச் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டு, அன்றைக்குப் பிள்ளைகள் பேசியதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பாள்.

பள்ளி விட்ட பிறகு, உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய அறையில்தான் ஒத்திகை. வருடம் முழுவதும் அங்கே தொண்டைத் தண்ணீர் வற்றினால், ஆண்டுவிழாவில் ஒரு நாடகம் போடலாம். அதற்கும் ஆயிரம் வில்லங்கம். பரிசு கொடுப்பது நீளும், பேச்சு நீளும், நீண்டதெல்லாம் நாடகத்தின் தலையில் வந்து விடியும். அவள் சேர்ந்த புதிதில் ஒருமுறை பாதிக் காட்சியில் திரையை இழுத்துவிட்டார்கள். கதாநாயகனாக நின்ற பையன் திறந்த வாயை மூடாமல் அப்படியே நின்றான். அன்றைக்குப் பிள்ளைகள் அழுத அழுகையைப் பார்த்துத்தான் அவள் கத்தரி இடத்தைக் கண்டுபிடித்தாள்.

விஷயம் சின்னதுதான். நாடகத்தின் நடுவில் ஒரு காட்சியை, எடுத்தாலும் கதை கெடாதபடி எழுதுவாள். மேடையின் பக்கத் திரைக்குள் நின்றபடி இரண்டு விரலைக் கத்தரிபோல் அசைத்தால், பிள்ளைகள் அந்தக் காட்சியைத் தாண்டி முடிவுக்குப் போய்விட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வெட்டிய தடமே தெரியாது. அதன் பிறகு அவள் நாடகம் ஒன்றுகூடப் பாதியில் நின்றதில்லை. அவளுக்கு அதில் பெருமை உண்டு. பாவம், பெருமைப்பட வேறு என்ன இருந்தது?

அந்த வருடம் அவள் கையில் வந்து சேர்ந்தவள்தான் காத்து. வகுப்பில் பிள்ளைகள் வைத்த பெயர். பேச எழுந்தால் காற்று மட்டும்தான் வரும், முதல் பெஞ்சுக்கே கேட்காது. ஒருநாள் ஒத்திகைக்கு ஒருத்தி வரவில்லை என்று, மூலையில் சும்மா உட்கார்ந்திருந்த காத்துவைப் படிக்கச் சொன்னாள் டீச்சர். அறைக்கதவு சாத்தியிருந்தது. அந்தப் பெண் நாலு வரி படித்ததும் டீச்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாளும் இந்தக் குரலை எங்கே ஒளித்து வைத்திருந்தாள்!

காத்துவுக்கு அதுதான் பள்ளியில் கடைசி வருடம். அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். பரீட்சை முடிந்த மறுவாரமே மகளையும் அங்கே சேர்த்துவிடுவதாகப் பேச்சு. மேடை என்று ஒன்று காத்துவின் வாழ்க்கையில் வருமானால் அது இந்த ஆண்டுவிழாதான், அப்புறம் இல்லை. டீச்சருக்கு அது தெரியும், அவளைவிட நன்றாகக் காத்துவுக்குத் தெரியும்.

நாடகம், சாலை அகலப்படுத்த ஒரு வீட்டை இடிக்க வரும் கதை. இடிக்க வந்த அதிகாரியிடம் அந்த வீட்டுக்காரி பேசும் நீண்ட பேச்சைக் காத்துவுக்கென்றே உட்கார்ந்து எழுதினாள் டீச்சர். முதல் காட்சியில் பள்ளி நிர்வாகியின் சொந்தக்காரப் பிள்ளைகள், கடைசிக் காட்சியில் மொத்தக் கூட்டம்; இரண்டிலும் கை வைக்க முடியாது. பேச்சு நடுவில் வந்து விழுந்தது.

“டீச்சர், நான் கத்தரிக்குள்ளயா இருக்கேன்?” என்று கேட்டாள் காத்து.

“இந்த வருஷம் கத்தரியே கிடையாதுடி. பெரிய டீச்சரே முழு நேரம் தர்றேன்னு சொல்லிட்டாங்க. உன் பேச்சு மேடையில வரும். என் மேல சத்தியம், போதுமா?”

தலைமை ஆசிரியை வாக்குக் கொடுத்தது உண்மைதான். கூடவே ஒரு வாலும் ஒட்டியிருந்தது. “போன தடவை மாதிரி விருந்தாளி பாதியில எழுந்து போனார்னா, அடுத்த வருஷத்துலேருந்து நாடகத்துக்கு ஒரு கும்பிடு. சொல்லிட்டேன்.” அந்த வாலை டீச்சர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஆனால் கத்தரியை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒருமுறை பழக்கிக்கொண்டே இருந்தாள். அப்போதெல்லாம் காத்து ஒரு உடைந்த பெஞ்சில் உட்கார்ந்து, தன்னைத் தாண்டிக் கதை போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியா ஒருத்தி சத்தியமும் செய்து, அதை முறிக்கவும் தினம் பழகுவாள்!

விழா அன்று விருந்தாளி பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பரிசு வாங்கிய பிள்ளைகளுக்குத் தூக்கமே வந்துவிட்டது. ஒருவழியாக நாடகம் ஆரம்பித்தது. இடப்பக்கத் திரைக்குள் டீச்சர் நின்றாள். வலப்பக்கத் திரைக்குள் தலைமுடிக்கு வெள்ளை மாவு பூசிக்கொண்டு காத்து நின்றாள். முதல் காட்சி பிழையில்லாமல் ஓடியது. அதிகாரியாக வந்த பையன், “யார் இந்த வீட்டுக்காரி? கூப்பிடு” என்று சொல்ல வேண்டிய நேரம். காத்து ஒரு காலை வெளிச்சத்துக்குள் எடுத்து வைத்துவிட்டாள்.

முன்வரிசையில் விருந்தாளி எழுந்து நின்றார்.

டீச்சர் யோசித்தாள் என்று சொன்னால் அது பொய். யோசிக்கவே இல்லை. கை தானாக உயர்ந்தது, இரண்டு விரலும் கத்தரித்தன. அதிகாரிப் பையன் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தான். கெட்டிக்காரன், கண் இமைக்கவில்லை. “கேக்குறதுக்கு ஒண்ணுமில்ல, வேலைய ஆரம்பிங்க!” என்றான். கூட்டம் திமுதிமுவென்று மேடைக்குள் புகுந்தது.

விருந்தாளி கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

வேண்டாம், திரும்புங்கள் என்று டீச்சர் இரண்டு கையையும் ஆட்டினாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. வெட்டத்தான் சைகை சொல்லிக்கொடுத்திருந்தாள், ஒட்டுவதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிர்த் திரைக்குள் காத்து, எடுத்து வைத்த காலை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கூட்டத்தில் பச்சை சால்வை போர்த்திய வேறொருத்தி தன் ஒற்றை வரியை உரக்கச் சொன்னாள். விருந்தாளி கடைசிவரை இருந்து கைதட்டினார்.

“பிரமாதம் டீச்சர்!” என்று தலைமை ஆசிரியை மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். “எவ்வளவு கச்சிதம்! அடுத்த வருஷமும் இதே அளவு போதும். நாடகம் உண்டு, கவலையே படாதீங்க.”

நாடகம் பிழைத்துக்கொண்டது. டீச்சருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. காத்துவைத் தேடினாள். முகம் கழுவி, மாவு போகத் தலையையும் நனைத்துக்கொண்டு அவள் படியோரம் நின்றாள். “காத்து, நான் வந்து...” என்று டீச்சர் ஆரம்பிப்பதற்குள், மூச்சு வாங்க அவள் அம்மா வந்துவிட்டாள்.

“கடையிலேருந்து நேரா ஓடி வர்றேன் டீச்சர், அரை நாள் லீவு குடுக்க அழுதுட்டாங்க. கடைசி வரிசைக்குப் பின்னாடிதான் இடம் கெடச்சுது. எல்லா மூஞ்சியிலயும் ஒரே பெயிண்ட்டு, மைக்குல எல்லாக் குரலும் ஒண்ணா கேக்குது. இவ எதுல வந்தான்னே புடிபடல. ஏண்டி, நீ எதுடி?”



“பச்சை சால்வை போத்திக்கிட்டு ஒருத்தி வந்தாள்ல, அது நாந்தாம்மா” என்றாள் காத்து. குரல் கணீரென்று இருந்தது.

“அதுவா நீயி? அவ்வளவு சத்தமாவா பேசுன? பெத்தவளுக்கே அடையாளம் தெரியல பாருங்க டீச்சர்!” அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “நல்லாப் பண்ணினாளா?”

“நல்லாப் பண்ணினா” என்றாள் டீச்சர். வாழ்நாளில் அவள் பேசியதிலேயே கேவலமான வசனம் அது.

“எனக்காக இன்னொரு தடவ பேசிக் காட்டுடி. பக்கத்துல நின்னு கேக்கணும் போல இருக்கு.”

டீச்சருக்கு உயிர் வந்தது. பச்சை சால்வைக்காரியின் ஒற்றை வரி யாருக்கு வேண்டும்? இந்தப் படியோரத்திலாவது, இந்த ஒருத்திக்காவது அந்தப் பேச்சு போய்ச் சேரட்டும்.

“பேசும்மா. நான் எழுதிக்குடுத்தேனே, அந்தப் பெரிய பேச்சு. முழுசாப் பேசு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ.”

காத்து அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் டீச்சர் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

“மறந்துடுச்சு டீச்சர்” என்றாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “வாம்மா, போலாம்” என்றாள்.

ஒரு வரிகூட அவளுக்கு மறக்கவில்லை என்பது டீச்சருக்குத் தெரியும். இனி யார் கேட்டாலும் அவள் அதைச் சொல்லமாட்டாள் என்பதும் தெரியும்.