தவிட்டெண்ணெய் ஆலையில் ஒரு கார்த்திகை

நேற்று பௌர்ணமி. எங்கள் ஊரில் பௌர்ணமி சாயங்காலம் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் வேண்டும். செங்கம் ரோட்டில் பள்ளிக்கூடம், வேங்கிக்காலில் வீடு, நடுவில் கிரிவலம். மடியில் பிளஸ் ஒன் வேதியியல் விடைத்தாள் கட்டு. ஷேர் ஆட்டோ நகரவில்லை. முன்னால் நின்ற பைக்கில் பெட்ரோல் குழாய் ஒழுகியதோ என்னவோ, குப்பென்று ஒரு வாடை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். நான் மட்டும் நன்றாக இழுத்து மோந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். அந்த வாடையில் தினம் எட்டு மணி நேரம் வேலை பார்த்தவள் நான்.

நான் கெமிக்கல் என்ஜினீயர் என்று சொன்னால் இப்போது என் வகுப்புப் பிள்ளைகளே நம்புவதில்லை. அப்போதும் யாருக்கும் பெரிதாகப் புரிந்ததில்லை. கல்லூரியில் சேர்ந்த புதிதில் எதிர்வீட்டு அக்கா, "அப்போ பினாயில் எல்லாம் வீட்லயே செஞ்சிடுவியா?" என்று கேட்டார். நான்கு வருஷமும் அவருக்குப் பினாயில் செய்து தராதது அவருக்கு இன்றுவரை வருத்தம்தான். உண்மையைச் சொன்னால் நாங்கள் அங்கே செய்ததெல்லாம் கிராஃப் தாளில் படிக்கட்டு வரைந்ததுதான். சாராயத்தையும் தண்ணீரையும் பிரிக்கும் கோபுரத்துக்குள் எத்தனை தட்டு வேண்டும் என்பதற்கு ஒரு படம்; அதில் வளைகோட்டுக்கும் நேர்கோட்டுக்கும் நடுவே படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கோபுரத்தை 'காலம்' (column) என்போம்; லேபில் உண்மையான இரும்புக் காலம் ஒன்று ஆளுயரத்துக்கு நின்றது. நாங்கள் படித்த நாளில் அது ஒரு தடவைகூட ஓடியதில்லை. விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னால் எழுதுவோம். வாத்தியாருக்கும் தெரியும். அவரும் அப்படிப் படித்து வந்தவர்தானே.

தமிழ்ச்செல்வி மட்டும் அப்படி எழுதமாட்டாள். ரெக்கார்டு நோட்டில் அந்தக் காலத்துக்கு எதிரே, "ஓடவில்லை" என்று எழுதி வைத்துவிட்டு வருவாள். மார்க் போகும். என் பெஞ்சுக்காரி, ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். கீழ்பென்னாத்தூர் பக்கம் கிராமம். மணிலா, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பம். மெஸ் சாம்பாரைப் பார்த்தாலும் அதில் எண்ணெய் ஏன் மேலே மிதக்கிறது என்று ஆரம்பித்துவிடுவாள். பசியில் இருக்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். அப்படி ஒரு பைத்தியம் அந்தப் படிப்பின்மேல்.

ஏழாவது செமஸ்டர் முழுவதும் தொழிற்சாலைப் பயிற்சி என்று எங்கள் கல்லூரியில் வைத்தார்கள். பையன்களெல்லாம் மணலி, எண்ணூர் என்று பெரிய பெரிய இடமாகப் பார்த்துப் போனார்கள். எங்கள் இரண்டு பேரையும், பெண் பிள்ளைகள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று, ஊருக்கு வடக்கே ஒரு தவிட்டெண்ணெய் ஆலைக்கு அனுப்பினார்கள். சுற்றிலும் நெல் ஆலைகள். அங்கிருந்து லாரி லாரியாகத் தவிடு வரும். தவிட்டுக்கு ஒரு குணம் உண்டு: அரைத்த நாளிலேயே கெட ஆரம்பித்துவிடும். ஒரு நாள் தாமதித்தால் அதில் ஆசிட் ஏறும். எண்ணெய் சோப்புக்குத்தான் ஆகும். அதனால் ஆலைக்கு லீவே கிடையாது. லாரி வந்ததும் ஒரு பிடி தவிட்டை எடுத்து ஆசிட் பார்ப்பது எங்கள் லேப் வேலை. சொட்டுச் சொட்டாக விட்டு ரோஸ் நிறம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தமிழ்ச்செல்விக்கு முதல் வாரத்திலேயே கை பழகிவிட்டது. எனக்கு ரோஸ் தாண்டிச் சிவப்பாகிவிடும்.

தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிப்பது ஹெக்ஸேன் என்ற திரவம். பெட்ரோலுக்குத் தம்பி முறை. தீப்பொறி பட்டால் அவ்வளவுதான். ஆகவே கேட்டிலேயே தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். நைலான் துணி கூடாது. கொலுசு கூடாது. ஆயுத பூஜையன்று ஐயர் கற்பூரத்தை ஏற்றாமலே தட்டில் வைத்துச் சுற்றிக் காட்டினார். நாங்களும் இல்லாத சுடரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தமிழ்ச்செல்வி முழங்கையால் இடித்தாள்.

பயிற்சி முடிந்ததும் லேபில் ஒரு ஆளை எடுக்கப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு இடம். அது தமிழ்ச்செல்விக்குத்தான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்; ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அவளுக்கு அது வெறும் வேலையும் இல்லை. அவள் அப்பா ஒரு பேச்சுப் பேசியிருந்தார்: வேலை ஆர்டர் கையில் வந்தால் இரண்டு வருஷம் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார், வராவிட்டால், ஜாதகம் பொருந்தியிருந்த புனே மாப்பிள்ளைக்குத் தையில் முகூர்த்தம், மிச்சப் பரீட்சையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். அதைச் சொன்னபோதும் அவள் அழவில்லை. ஆர்டர் வந்துவிடும் என்று அவ்வளவு தைரியம்.

கார்த்திகை தீபம் வந்தது. முதல்நாளே ரோடுகளை அடைத்துவிடுவார்கள் என்று நெல் ஆலைக்காரர்கள் எல்லாத் தவிட்டையும் முன்கூட்டியே கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். மலைபோல் தவிடு, கெடுவதற்குள் ஓட்டியாக வேண்டும். தீபத்தன்று சாயங்காலமும் நாங்கள் இருவரும் லேபில்தான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது. மலைமேல் தீபம் தெரிந்ததும் வாசலில் விளக்கு எரிந்தாக வேண்டும். யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகப் போகும். தமிழ்ச்செல்வி பையில் ஒரு அகல் கொண்டுவந்திருந்தாள். எண்ணெய்க்குப் பஞ்சமா? லேபில் மிஞ்சிய தவிட்டெண்ணெயையே ஊற்றிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு வாட்ச்மேன் தெற்கே பார்த்துக் கும்பிட்டார். மலை உச்சியில் கங்கு மாதிரி ஒரு புள்ளி. தமிழ்ச்செல்வி அகலை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். உள்ளே ஏற்றக் கூடாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அதனால்தான் வெளியே போனாள். மரப்பெட்டியிலிருந்து ஒரு தீப்பெட்டி கேட்டாள். "வெளிய தானம்மா, ஏத்திட்டு வா" என்று வாட்ச்மேனே எடுத்துக் கொடுத்தார். காற்று ஜாஸ்தி. காம்பவுண்டு சுவர் திரும்புகிற மூலையில் மறைவாக அகலை வைத்து ஏற்றினாள்.

அந்த மூலைக்கு அந்தப் பக்கம் ஹெக்ஸேன் டேங்கர் நின்றிருந்தது. மற்ற நாளில் வந்த உடனே உள்ளே போய்விடும். அன்று இறக்குகிற ஆள் பஸ் கிடைக்காமல் எங்கோ மாட்டிக்கொண்டதால், டிரைவர் வண்டியை வெளியே மரத்தடியில் விட்டிருந்தார். எங்கள் இருவருக்கும் அது தெரியாது; வாட்ச்மேன் மறந்துவிட்டார். மூலை திரும்பி வந்த டிரைவர் விளக்கைப் பார்த்தார். இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அதன்மேல் போட்டார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூலைக்கு அந்தப் பக்கம் அவர் கை காட்டிய பிறகுதான் டேங்கர் நிற்பது எங்களுக்குத் தெரிந்தது.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் முழுக் கதையும். எதுவும் தீப்பிடிக்கவில்லை, யாருக்கும் காயமில்லை. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். தமிழ்ச்செல்வி தனியாக நிற்க வேண்டாம் என்று நானும் கூடப் போனேன். அவர் திட்டவில்லை.

"நானும் இந்த ஊர்க்காரன்தாம்மா. நேத்து எங்க வீட்லயும் ஏத்தினாங்க. ஆனா டேங்கருக்குத் தீபம்னு தெரியாதும்மா" என்றார்.

"தெரியும் சார்" என்றாள்.

பயிற்சிக்குச் சான்றிதழ் உண்டு, வேலை கிடையாது. வாட்ச்மேனுக்கு மெமோ. தையில் அவளுக்குக் கல்யாணம். பந்தியில் நான்தான் அப்பளம் வைத்தேன். மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனாலும் நான் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது; படிப்பு முடிந்ததும் சேர்ந்தேன். ஆலை மூடும்வரை அந்த லேபில் தவிட்டுக்கு ஆசிட் பார்த்தேன். போகப்போக எனக்கும் ரோஸ் நிறத்தில் நிறுத்த வந்துவிட்டது. கடைசி ஒரு வருஷம் லாரிகள் குறைந்து, சம்பளம் தள்ளித் தள்ளி வந்து, ஒரு நாள் கேட்டில் பூட்டு தொங்கியது. பிறகு பி.எட்., பள்ளிக்கூடம், இந்த விடைத்தாள் கட்டு. உடம்பு அலுப்பைவிட மனசு அலுப்புதான் அதிகம். எங்கள் கல்லூரியிலும் கெமிக்கல் பிரிவை எடுத்துவிட்டார்கள், சேர ஆளில்லையாம். லேபில் ஓடாமல் நின்ற அந்தக் கோபுரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆலை இருந்த இடம் இப்போது வீட்டுமனை. வரிசையாக வீடுகள் எழும்பிவிட்டன.

போன கார்த்திகைக்குத் தமிழ்ச்செல்வி புனேயிலிருந்து பேசினாள். ஏழாவது மாடி ஃபிளாட், பால்கனியில் விளக்கு வைத்தால் அசோசியேஷனில் கேட்கிறார்களாம். பேட்டரி விளக்குதான் என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே ஆலை இருந்த இடத்தைப் பற்றிச் சொன்னேன். நம் சுவர் மூலை இருந்த இடத்தில் இப்போது ஒரு வீட்டு வாசல், வரிசையாக அகல் வைத்திருந்தார்கள் என்றேன். அவள் இன்னும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எனக்கு அப்போ அந்த வேலை வேணும்னு இருந்துச்சுடி. ரொம்ப வேணும்னு இருந்துச்சு" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தெரியும்டி என்று மட்டும் சொன்னேன். அன்று மேனேஜர் முன்னால் அவளோடு கூட நின்றதோடு சரி; இன்றைக்கென்றால் அவளுக்காக நின்று பேசியிருப்பேன். மேனேஜரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த லேபும் இல்லை, அந்த வேலையும் இல்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?