ஒரு இடம் முன்னால்

ராணுவப் பயிற்சிக் கழகத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. நான் மில்லர்புரத்துக் கடைக்காரர் மகள். அவள் இமாசல மலைக்காரி. முதல் விடுப்பில் அவளைத் தூத்துக்குடிக்குக் கூட்டி வந்தேன். துறைமுகத்தில் கப்பல்களைப் பார்த்து அசையாமல் நின்றாள். ஸ்ரீவைகுண்டத்தில் என் அத்தை சுட்ட தோசையை எண்ணாமல் தின்றாள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிறது.

ஒரே நாளில் அதிகாரிகளானோம். ஒரே நாளில் கேப்டன்களானோம். பிறகு தாமிரபரணி ஊருக்குள் புகுந்த மழையில், எங்கள் இருவரின் படைப் பிரிவுகளும் ஸ்ரீவைகுண்டத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. சம பதவி என்றாலும் தலைமை ஒருவருக்குத்தான். பதவிக்கு வந்த நாளும் ஒன்றாக இருந்தால் பயிற்சித் தரவரிசையைப் பார்ப்பார்கள். அதில் அவள் எனக்கு ஒரு இடம் முன்னால். தலைமை அவளுக்குப் போனது.

ஒரே ஒரு படகுதான் ஓடும் நிலையில் இருந்தது. அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. கோயில் தெருவில் அத்தை தனியாக மாடியில்.

"முதல்ல அத்தை வீடு. ஊர் எனக்குத் தெரியும்," என்றேன்.

"அதனாலதான் படகுல நீ போற. ஆனா முதல்ல அக்கரைக்கு. அத்தைக்கு மாடி இருக்கு. அந்தப் பொண்ணால காத்திருக்க முடியாது," என்றாள் இந்தியில்.

"சரி, மேடம்," என்றேன். அவளை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண்ணை முகாமில் சேர்த்தோம். அங்கே வந்ததும் குழந்தை பிறந்தது. அத்தை வீட்டுக்குப் படகு போனபோது பொழுது சாய்ந்திருந்தது.

"ஏளா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று அத்தை கத்தினாள். நடந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் தோள்ல ஒண்ணுபோலத்தான நட்சத்திரம் இருக்கு? அவ சொன்னா நீ கேக்கணுமோ?"

"ஆமா அத்தை. அவ ஒரு இடம் முன்னால பாஸ் பண்ணவ."

படகு திரும்பியபோது கரையில் அவள் நனைந்தபடியே நின்றுகொண்டிருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அத்தையைத் தானே தூக்கிக்கொண்டாள். அத்தை அவள் கன்னத்தைத் தடவி, "பிள்ளைக்காரி நல்லா இருக்காளா?" என்றாள். மொழி புரியாமலே அவள் தலையாட்டினாள். பிறகு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் ராணுவத்தை விட்டு வந்து அப்பாவின் கடையைப் பார்க்கிறேன். அவள் எங்கோ பனியில் இருக்கிறாள். ஒவ்வொரு பொங்கலன்றும் அத்தைக்குத்தான் முதலில் போன் செய்வாள், தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையில், "சாப்டாச்சா?" என்று கேட்பாள்.