அடி வாங்கும் வயது

எங்கள் ஊரில் யாரும் எந்த வயதிலும் குடிக்கக் கூடாது. இருபத்தொரு வயதானவன் வாங்கலாம் என்று நாட்டுச் சட்டம் சொல்கிறது. அது அடுத்த ஊர்களுக்கு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்ட ஊரில், பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தில், பதினைந்தா, பதினெட்டா, இருபத்தொன்றா என்று ஒரு மாலை முழுக்க ஆண்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நடுவில் இரத்தம் வடியக் குந்தியிருந்தவன் என் மகன். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். நான் தையல் மெசினில் இருந்தேன். கடற்கரைப் பக்கமிருந்து ஒரு கூட்டம் அவனை இழுத்துக்கொண்டு வந்தது. சட்டையில் ஒரு கைதான் மிச்சம். உதடு பிளந்து தொங்கியது. தோணிகளுக்குப் பின்னால் பியர் டின்னோடு பிடித்தார்களாம். பிடித்த இடத்திலிருந்து என் வாசல் வரைக்கும் ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். வழியில் நின்றவர்களும், என்ன ஏது என்று கேட்காமலே, தங்கள் பங்கைப் போட்டிருக்கிறார்கள்.

முன்னால் நின்றவன் எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓட்டுகிறவன். முப்பத்தைந்து வயதிருக்கும், பிள்ளை குட்டிக்காரன். ஊரில் ஒரு மையத்து அடக்கம் என்றாலும் ஒரு கல்யாணம் என்றாலும் முதலில் வந்து நிற்பான். என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்றுதான் கூப்பிடுவான்.

“இஞ்ச பாருங்க ராத்தா, உங்கட புள்ளைட லெச்சணத்த” என்றான்.

மகனின் வாயை மோந்து பார்த்தேன். அடுத்த நொடி அறைந்தேன். எனக்குக் கை முந்தும், வாய் பிந்தும்; பிந்தினாலும் வாய் குறைந்து போவதில்லை. அவன் சுவரில் போய் மோதினான். இன்னும் ஒன்று வைத்தேன். பெற்றவள் அடித்தால் மற்றவர்கள் விட்டுவிடுவார்கள் என்று ஒரு கணக்கு என் மனதில் இருந்தது. அது பிழைத்துப்போனது. “பள்ளிக்குக் கொண்டு வாங்க” என்று யாரோ கத்த, கூட்டம் மறுபடியும் அவன் கழுத்தைப் பிடித்தது.

கட்டாரில் லொறி ஓட்டும் என் கணவருக்கு அதற்குள் யாரோ செய்தி அனுப்பிவிட்டார்கள். நான் பள்ளிக்கு ஓடும்போதே போன் அடித்தது. “அவன வெட்டிக் கடலுக்குள்ள போடு” என்று கத்தினார். “வெட்டுறதெண்டா நீங்க வந்து வெட்டுங்க, எனக்குத் தைக்கத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை தாயின் வழியில் சேரும், வாப்பாவின் வழியில் அல்ல. பள்ளிச் சபையில் ஒவ்வொரு தாய்வழிக்கும் ஒரு மரைக்காயர் இருப்பார். எங்கள் வழியின் மரைக்காயர் என் உம்மாவின் தம்பி, எனக்கு மாமா. ஒருவனுக்குப் பிரம்படி என்று சபை தீர்த்தால், அவனுடைய வழியைச் சேர்ந்த மரைக்காயர்தான் அடிக்க வேண்டும். வேறு வழிக்காரன் கை பட்டால் இரண்டு குடும்பத்துக்கும் தலைமுறைப் பகையாகிவிடும் என்று முன்னோர் கண்டுபிடித்த ஏற்பாடு. அடிக்கிறவர் கக்கத்தில் ஒரு துவாய்த் துண்டை இடுக்கிக்கொள்ள வேண்டும். துவாய் விழுந்தால் கை மிதமிஞ்சி உயர்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்த அடி செல்லாது. ஆக, தோளிலிருந்து ஓங்கி அடிக்க முடியாது, முழங்கையிலிருந்துதான் பிரம்பை வீசலாம். இதெல்லாம் தெரிந்திருந்ததால் நான் பாதி ஆறுதலோடுதான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். பெண்கள் உள்ளே போவதில்லை.

உள்ளே விவாதம் தொடங்கியது. மௌலவி முதலில் சொன்னார்: “பதினஞ்சு வயசுல பாலிக், வயசுக்கு வந்த ஆள் ஆயிட்டான். தொழுகை கடம, நோன்பு கடம. அப்ப குத்தத்துக்கும் அவன்தான் பொறுப்பு.” இரும்புக் கடை வைத்திருக்கும் பள்ளித் தலைவர் தலையாட்டினார். “பதினெட்டுல வோட்டும் போடுறான், பிறகென்ன.” அப்போதுதான் கதவோரம் நின்ற ஓர் இளைஞன் போனைத் தூக்கிக் காட்டினான். “சட்டத்துல இருவத்தொண்டு. இவனுக்குப் பத்தொம்பது. சட்டப்படி இவன் சின்னப் புள்ள. சின்னப் புள்ளைக்குச் சாமான் வித்தவன் ஆரு? அந்தப் பார்காரன். அவன்ட கடைய உடைக்கோணும்!”

வெளியே மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெற்றன. ஒருவன் டாங்கியிலிருந்து குழாய் வைத்துப் போத்தலுக்குள் பெற்றோல் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

பார் இருப்பது பக்கத்துத் தமிழ் ஊரில். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு றோட்டு, ஒரு மதகு, அவ்வளவுதான். அந்த மதகில் டயர் எரிந்த நாட்களை எங்கள் வயதுக்காரர் எவரும் மறக்க மாட்டார்கள். ஒரு கடை உடைந்தால் மறுநாள் இங்கே இரண்டு கடை உடையும். அதற்கடுத்த நாள் யாருடைய பிள்ளையாவது வயலுக்குப் போன இடத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கும். என்னிடம் சாறிச் சட்டை தைக்கக் கொடுக்கிறவர்கள் பாதிப்பேர் அந்த ஊர்ப் பெண்கள். அளவெடுக்கும்போது வீட்டுக் கதை எல்லாம் கதைப்பார்கள். அவர்கள் வீட்டுக் கூரையில் இந்தப் போத்தல் போய் விழும்.

இப்போது எனக்கு விஷயம் முழுசாக விளங்கியது. என் மகன் சின்னப் பிள்ளை என்றால் பார் எரியும். பெரிய ஆள் என்றால் அவன் முதுகு எரியும். இரண்டில் ஒன்று.

ஓட்டோக்காரன்தான் முதலில் குறுக்கே விழுந்தான். “சின்னப் புள்ளையாம் சின்னப் புள்ள! மீச மொளச்ச ஆள். தெரிஞ்சுதானே குடிச்சான்? பார்காரன்ட கதைய விடுங்க. இவன அடிச்சு முடிங்க.” ஊரைக் காப்பாற்றத்தான் கதைக்கிறான் என்று நினைத்து மனதுக்குள் அல்லாஹ்விடம் அவனுக்கு துஆச் செய்தேன்.

தலைவர் மகனைப் பார்த்துக் கேட்டார்: “பாரிலதானே வாங்கின?”

“இல்ல. நான் போனன். ஐடி கேட்டாங்க. வயசு காணாதெண்டு திருப்பி அனுப்பிட்டாங்க.”

இந்த முழுக் கூத்திலும் சட்டத்தை மதித்து நடந்த ஒரே மனிதன் அந்தப் பார்காரன்தான்.

“அப்ப ஆரு வாங்கித் தந்த?”

மகன் வாயைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன் விலாவில் உதைத்தான். முன்னே சரிந்து கையூன்றி எழுந்தான். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் உதைத்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு “சொல்லு மனே, சொல்லு” என்று அழுதேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

“பாத்தீங்களா, பார்காரனக் காப்பாத்துறான்” என்று போன் வைத்திருந்தவன் கூவினான். மோட்டார் சைக்கிள்கள் றோட்டுப் பக்கம் திரும்பின. பெற்றோல் போத்தலின் வாயில் ஒருவன் சீலைத் துண்டு திணித்தான்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. “என்ட புள்ள சின்னப் புள்ள இல்ல!” என்று கத்தினேன். “பெத்தவ சொல்றன், அவன் பெரிய ஆள். அவன் செஞ்சதுக்கு அவனுக்கு அடிங்க. இஞ்சயே வெச்சு அடிங்க. ஒருத்தனும் றோட்டுக்குப் போகத் தேவல்ல!”

அதைச் சொன்னதற்காக இன்றுவரை நான் யாரிடமும் வருத்தம் தெரிவித்ததில்லை, தெரிவிக்கப் போவதுமில்லை. போத்தல் கையில் இருந்தவன் நின்றான். அடியைப் பார்க்கும் ஆசையில் மற்றவர்களும் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். மகன் மெல்லச் சொன்னான்: “ஓம். உம்மா சொல்றதுதான். அடிங்க.”

மாமா பிரம்பை எடுத்தார். துவாயைக் கக்கத்தில் இடுக்கினார். முதல் அடி விழுந்தது. சத்தம் வந்தது, காயம் வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. கூட்டம் முணுமுணுத்தது. “தடவிக் குடுக்காரா?” என்று ஒருவன் சிரித்தான். “சொந்தக்காரன்ட கை, அப்பிடித்தான்” என்றான் இன்னொருவன். மறுபடியும் யாரோ பாரின் பெயரை எடுத்தார்கள். மாமா வேகத்தைக் கூட்டினார், துவாய் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரின் கையிலிருந்து ஓட்டோக்காரன் பிரம்பைப் பிடுங்கினான்.

“நானும் உங்கட வழிதானே மாமா, என்ட கை படலாம்” என்றான். அது உண்மைதான். தூரத்துச் சொந்தம்.

அவன் துவாய் இடுக்கவில்லை. பிரம்பு காற்றைக் கிழித்தது. மகனின் முதுகில் தோல் பிரிந்து இரத்தம் கோடு போட்டது. அவன் ‘அல்லாஹ்’ என்று கூடச் சொல்லவில்லை, பல்லைக் கடித்தான். மாமா “போதும், போதும்” என்று தடுத்தார், அவரையும் தள்ளிவிட்டான். பிரம்பு முறிந்தது. அப்போது மகன் தலையைத் தூக்கி அவனை நேருக்கு நேர் பார்த்தான். வாயைத் திறந்தான். என்னவோ சொல்லப் போகிறான் என்று எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். ஓட்டோக்காரன் உள்ளங்கையை விரித்து, காதைப் பொத்தினாற்போல், முழுப் பலத்தோடு ஓர் அறை விட்டான்.

மகன் பக்கவாட்டில் விழுந்தான். இடது காதிலிருந்து இரத்தம் வந்தது. வாந்தி எடுத்தான். கண் மேலே போனது.

அதன் பிறகு நான் ஜன்னலில் இல்லை. எந்தக் கதவால் போனேன், எத்தனை ஆண்களை இடித்தேன் என்று நினைவில்லை. “பொம்புள உள்ள வாறா” என்று எவனோ கத்தினான். அவன் கன்னத்தில் என் நகம் இருந்தது. தலைவரின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன். தாடி, தொப்பி, சாரன், எது கையில் பட்டதோ இழுத்தேன். என்னைக் கண்டபிறகுதான் கூட்டத்துக்கு வெட்கம் வந்தது, ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். பெற்றோல் போத்தல் கைகால் கழுவும் ஹவுளடியில் அனாதையாகக் கிடந்தது. பாருக்கு ஒருவனும் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த நேரத்தில் வாசலில் நின்ற வாகனம் ஒன்றே ஒன்று. அடித்தவனுடைய ஓட்டோ. “ஏறுங்க ராத்தா, கெதியா ஏறுங்க” என்று அவனே மகனைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினான். நான் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் மகன் கண் திறந்தான். “காதுக்குள்ள கூவுது உம்மா” என்றான். பிறகு ரகசியம் சொல்கிறவன்போல் என்னை அருகே இழுத்தான். காது இரைந்துகொண்டிருந்ததால் தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“இவருதான் உம்மா எனக்கு வாங்கித் தந்த. இவரும் நானும்தான் குடிச்ச. ஆக்கள் வாறதக் கண்டுட்டு டின்ன எறிஞ்சிட்டு என்னப் புடிச்சிட்டார்.”

முன்சீட்டில் அவனுடைய தோள் விறைத்தது. ஓட்டோவின் வேகம் ஒரு கணம் குறைந்து மறுபடியும் கூடியது. வாய் மணத்தை மறைக்க அவன் மென்றுகொண்டிருந்த ஏலக்காயின் மணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடித்து முடி, பார்காரன் கதையை விடு என்று ஏன் துடித்தான் என்பதும் உறைத்தது. பாரில் போய்க் கேட்டிருந்தால் எவன் வாங்கினான் என்று சொல்லியிருப்பார்கள்.

அவனுடைய பிடரி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வேர்வையில் மினுங்கியது. என் தலைச்சீலையைச் சுற்றி இழுத்தால் போதும். அவனைக் கொல்லும் ஆசை என் பத்து விரலிலும் இருந்தது. ஆனால் ஓட்டோ அவன் கையில், என் பிள்ளை என் மடியில், ஆஸ்பத்திரி இன்னும் வரவில்லை. அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டே, பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று அவனுக்காகவும் சேர்த்து ஓதினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ முழுசாக நிற்குமுன்பே குதித்தான். மகனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே ஓடினான். அழுதான். கட்டிலில் கிடத்திவிட்டுத் தாதியின் முன்னால் கைகூப்பினான்.

“எத்தன வயசு?” என்று கேட்டாள் தாதி. எந்த வார்டுக்கு அனுப்புவது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

“சின்னப் புள்ள மிஸ்” என்றான் அவன். “பாவம், சின்னப் புள்ள.”

என் கை முந்தியது. வாயில் அடித்தேன். மூக்கில் அடித்தேன். அவன் முகத்தை மறைக்கவில்லை. “அடிங்க ராத்தா” என்றான், அடித்தேன். காவலாளி ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து பிடித்தார். தாதி எங்கள் இருவரையும் விட்டுவிட்டுக் கட்டிலைச் சுற்றிப் போய் மகனிடமே குனிந்தாள்.

“தம்பி, உங்களுக்கு எத்தன வயசு?”

மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இன்னும் சத்தமாகக் கேட்டாள். அவள் நின்றது அவனுடைய இடது பக்கம். அவன் திரும்பவே இல்லை.