நேர்காணலுக்கு முந்தைய நாள், மட்டாஞ்சேரியில்

சூலூர் தாண்டி எங்கள் பகுதியில் ரத்தப் பரிசோதனை மையம் கிடையாது. சர்க்கரை பார்க்கக்கூட ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். அதனால்தான் கொச்சியில் இருக்கும் ஒரு பரிசோதனைக்கூடத்தின் பிரான்சைஸ் எடுக்க விண்ணப்பித்தேன். ரத்தத்தை நாம் எடுத்து அனுப்ப வேண்டும், சோதனையை அவர்கள் செய்வார்கள். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு எர்ணாகுளத்தில் நேர்காணல். அதற்கு முன் ஏற்கெனவே நடக்கும் ஒரு மையத்தில் அரைநாள் இருந்து பார்க்கச் சொல்லி, மட்டாஞ்சேரி முகவரி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். இப்படி ஒரு நேர்காணலுக்குத் தயாராகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதிய ரயிலில் கோவையிலிருந்து கிளம்பினேன். நான்கு மணி நேரம். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து போர்ட் கொச்சிக்குப் படகுக் கட்டணம் ஆறு ரூபாய், இருபது நிமிடம். படகிலும் பதில்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, நகர்ந்து கூடுதலாக இடம் விட்டார்.

ஒரே ஒரு பதில் மட்டும் வாயில் சரியாக வரவில்லை. "மையத்தில் முழுநேரமும் நீங்களே இருப்பீர்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். "இருப்பேன்" என்று சொல்வதாக நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். அது பொய். கல்லூரி அலுவலகத்தில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. அதை விடாமல், இரண்டு பெண்களை வேலைக்கு வைத்து ஒரு வருடம் ஓட்டிப் பார்ப்பதுதான் திட்டம். மகன் இன்னும் படிப்பை முடிக்கவில்லை. என் சம்பளம் நின்றுவிடுமே என்ற கணவருடைய பயத்திலும் நியாயம் இருந்தது.

போர்ட் கொச்சியில் 1,200 ரூபாய்க்கு அறை. புதன்கிழமை காலை ஆறரைக்கு ஆட்டோ பிடித்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் ஓட்டுநருக்குத் தெரியவில்லை. முகவரியைக் காட்டியதும், "ஓ, ரம்யயுடெ லேப்!" என்றார். மூன்று கிலோமீட்டர், எழுபது ரூபாய்.

சுக்கு மூட்டை அடுக்கிய கிடங்குக்கும் ஒரு மொபைல் கடைக்கும் நடுவே ஒற்றை அறை. அந்த நேரத்திலேயே ஒன்பது பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். மையத்தை நடத்தும் ரம்யாவுக்கு முப்பத்தொரு வயது. தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம், வீட்டில் தமிழ். கூட்டம் சற்றுக் குறைந்ததும், எழுதி வைத்திருந்த இருபத்திரண்டு கேள்விகளை நீட்டினேன்.

"தமிழ் பேசுவேன் சேச்சி, வாசிக்க அறியில்ல. ஸ்கூல்ல மலையாளந்தான். நீங்களே வாசிங்க."

வாசித்தேன். எத்தனை நாளில் லாபம், எவ்வளவு கமிஷன், எந்த மாதம் மந்தம். ஏழாவது கேள்வி வந்தபோது நானே நிறுத்திக்கொண்டேன். கதவைத் திறந்து உள்ளே வரும் மனிதர்களைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

ஒன்பதே காலுக்குத் தலைமைப் பரிசோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. முந்தைய நாள் ஹம்ஸா என்ற முதியவரிடம் எடுத்த ரத்தம் அங்கே போய்க் கெட்டுப்போய்விட்டதாம், மறுபடி எடுக்க வேண்டும். போன அன்றே சோதிக்காமல் அங்கே தாமதித்திருக்கிறார்கள். ரம்யா முகத்தைச் சுளித்தாள், பையை எடுத்தாள். "வர்றீங்களா?" என்றாள். அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பஜார் சாலையில் மிளகுக் கிடங்குக்கு மேலே வீடு. செங்குத்தான மரப்படி. கதவைத் திறந்த மகள், விஷயத்தைக் கேட்டதும் குரலை உயர்த்தினாள். "வயசாய மனுஷனல்லே! எத்ற பிராவஸ்யம் குத்தும்?" எத்தனை தடவை குத்துவாய் என்பது மலையாளம் தெரியாத எனக்கே புரிந்தது. ரம்யா நின்று கேட்டுக்கொண்டாள். "தெற்று பற்றிப்போயி, க்ஷமிக்கணம்" என்று, தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு மன்னிப்பு மட்டும் கேட்டாள். பெரியவர் சட்டைக் கையை மடக்கி நீட்டினார். சுருங்கிப்போன கையில் நரம்பைத் தேட அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஒரே குத்தில் எடுத்துவிட்டாள்.

கீழே வந்ததும் கேட்டேன். "தப்பு தலைமை லேப்போடது. சொல்லியிருக்கலாமே?"

"அவங்களுக்கு அந்த லேப் ஏது, எங்கன்னு அறியில்ல சேச்சி. என்னெத்தான் அறியும்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "நீங்க வேலைய விடறீங்களோ?"

"இல்லை" என்றேன். பல நாளில் நான் சொன்ன முதல் உண்மையான பதில் அது. அவள் வண்டியைக் கிளப்பினாள்.

மறுநாள் நேர்காணலில் இரண்டு பேர் இருந்தார்கள். நான்காவது கேள்வியே, முழுநேரமும் நானே இருப்பேனா என்பதுதான். "ஆள் வைத்து நடத்தலாம் என்று இருந்தேன். நேற்று பார்த்த பிறகு அது நடக்காது என்று தெரிகிறது. வேலையை விடுவது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை" என்றேன். ஒருவர் பேனாவை மூடி வைத்தார். பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். ரயிலில் அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஒன்பதாம் நாள் மின்னஞ்சல்: இப்போது தர இயலாது, முழுநேரமாக இருக்க முடிந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பத்து மணிக்கு மேல் போனால் காலி நாற்காலியைத்தான் பார்ப்பீர்கள், ஆறரைக்கே போய்விடுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், சுற்றுலாக் கூட்டத்தில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். வீடுகளுக்குப் போகும்போது கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். மரப்படி ஏறத் தோதான செருப்பு போடுங்கள். கேள்விகளை யாரிடமாவது சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுப் போங்கள். தங்கல், பயணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து நான்காயிரத்துக்குள் முடிந்துவிடும்.

போன வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். பிரான்சைஸ் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கணவர் நான்கு நாள் சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எத்தன மணிக்கு அத தொறக்கோணும்?"

"ஆறு மணிக்கு."

"அப்ப அஞ்சுக்கே எழுப்பி உட்டுர்றேன்."