சாமிக்குப் போடும் கை

எங்கள் வீட்டில் கடவுளுக்கு எப்போதும் முதலிடம்தான். உலை கொதித்துக்கொண்டிருக்கும், அரிசி முறத்தில் தயாராக இருக்கும், எங்கள் வயிறும் தயாராக இருக்கும். ஆனால் சாமிக்கு ஒரு பிடி எடுத்து வைக்காமல் ஒரு மணி அரிசிகூடப் பானைக்குள் போகாது. ஆம்பூரில் எங்கள் சபையைச் சேர்ந்த எல்லா வீடுகளிலும் இதே வழக்கம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். சோறாக்கும்போதெல்லாம் அதில் ஒரு பிடி அரிசி போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியாரின் மனைவி கூடையோடு வந்து அதை வாங்கிக்கொண்டு போவார். வேதக்கோயிலில் பெரிய பானையில் சேர்த்துவைத்து, மழைக்காலத்தில் கூலியில்லாமல் தவிக்கும் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள்.

உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இதைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார். கடவுளைப் பின்னால் தள்ளினவன் வீட்டில் என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்லுவார். கூரை ஒழுகும், ஆடு சாகும், பிள்ளைக்குச் சொறி வரும். எங்கள் தெருவில் எல்லோருடைய கூரையும் ஒழுகியதால் யார் பாவி, யார் நீதிமான் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தது. அம்மாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. அவள் பயந்தாள். பயந்தபடியே கணக்கும் பார்த்தாள்.

அது ஜெர்மன் சண்டை முடிந்த பிறகும் அரிசி விலை மட்டும் இறங்காமல் இருந்த காலம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் தினக்கூலி. ஒரு வேளை கேழ்வரகுக் களி, ஒரு வேளை சோறு என்று எங்கள் பாடு ஓடியது. சாமிக்கு மட்டும் களி ஆகாது, அரிசிதான் வேண்டும்.

ஒரு பிடி போட வேண்டும் என்று சொன்ன உபதேசியார், யார் கையால் ஒரு பிடி என்று சொல்லவில்லை. அங்கேதான் அம்மா நுழைந்தாள். ஒருநாள் அப்பா ஆசையாகத் தன் கையால் அள்ளிப் போட்டார். ஆவாரம்பட்டைச் சாறு ஏறிச் சிவந்த, முறம் மாதிரி அகலமான கை அது. அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அதன் பிறகு அப்பா அந்தக் கலயத்தின் பக்கமே அண்டக் கூடாது என்றாகிவிட்டது. கொஞ்ச நாள் அம்மாவே போட்டாள். விலை இன்னும் ஏறியதும் அந்த ஊழியம் என்னிடம் வந்தது. பிறகு என் கை வளர்ந்துவிட்ட குற்றத்துக்காக என்னை நீக்கிவிட்டு, பேச்சு அப்போதுதான் திருந்தியிருந்த என் தங்கையை நியமித்தாள்.

அதுவும் போதவில்லை. சாமிக்கு எடுக்கும்போது இரண்டு விரலை உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதுபோல இதுவும் ஒரு பக்திமுறை என்று தங்கை நம்பினாள். முகத்தை அவ்வளவு பரிசுத்தமாக வைத்துக்கொண்டு, அவ்வளவு கொஞ்சமாக எடுப்பாள். உபதேசியாரின் மனைவி சனிக்கிழமைகளில் கலயத்தைக் கையில் தூக்கி ஒரு நிமிஷம் நிற்பார். எங்க பாப்பாதான் தினமும் போடுகிறாள், இந்த வயதிலேயே என்ன பக்தி பாருங்கள் என்று அம்மா பெருமையடித்துக்கொள்வாள். அந்த அம்மாள் கூடையில் கொட்டிக்கொண்டு போவார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்தது, விடவில்லை. வெயில் இல்லையென்றால் தோல் காயாது. தோல் காயாவிட்டால் ஷாப்பில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. பாலாறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. எங்கள் வீட்டில் முதலில் அரிசி தீர்ந்தது, பிறகு கேழ்வரகும் தீர்ந்தது. பக்கத்து வீட்டில் கடன் கேட்கலாமென்றால் அவர்களும் தோல் ஷாப்பு ஆட்கள்தான். கோயில் பானைதான் இனி கதி.

திங்கட்கிழமையிலிருந்து அரிசி கொடுக்கப்போவதாக அறிவித்தார்கள். மழை நிற்கும்வரை தினமும் காலை ஜெபம் முடிந்ததும், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பிடி. போன வருஷம் படியால் அளந்ததில், எனக்குக் கம்மி உனக்கு ஜாஸ்தி என்று கோயில் வாசலிலேயே சண்டை வந்திருந்தது. அதனால் உபதேசியாரின் மனைவி இந்த வருஷம் புதிதாக ஒரு சட்டம் போட்டார். கலயத்தில் எந்தக் கை போட்டதோ அந்தக் கையே பானையிலிருந்து எடுக்க வேண்டும்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் போட்டேன் என்று இனி மாற்றிச் சொல்லவும் முடியாது. வாராவாரம் அடித்த பெருமை வாயைக் கட்டிவிட்டது. உபதேசியார் இத்தனை வருஷம் சொன்ன தண்டனைகளில் இது இல்லவே இல்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பசியில் அந்தச் சிரிப்பும் நிலைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் அம்மா தங்கையை உட்காரவைத்து, சட்டியில் ஆற்றுமணலைக் கொட்டிப் பழக்கினாள். விரலை நன்றாக விரி, ஆழமாக விடு, குவித்து எடு. தங்கை கெட்டிக்காரி, சீக்கிரமே கற்றுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனோம். பானைக்கு முன்னால் நின்ற வரிசையைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. வரிசையில் பால்பல் விழுந்த ஆளே இல்லை. எல்லா வீட்டிலிருந்தும் குஞ்சும் குளுவானும்தான் வந்திருந்தது. அகலக் கை அப்பாக்கள் எல்லோரும் மழையில் நனைந்துகொண்டு வெளியே நின்றார்கள். உபதேசியார் கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார். அவருடைய மனைவி வரிசையை ஒரு தடவை முழுவதும் பார்த்தார், சிரிக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. தங்கை பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இது யாருடைய அரிசி என்று கேட்டாள். சாமியோட அரிசி என்றார் அந்த அம்மாள். உடனே தங்கையின் முகம் பரிசுத்தமாகிவிட்டது. இரண்டு விரலை மடக்கிக்கொண்டு, கொஞ்சமே கொஞ்சம் எடுத்தாள். அம்மா பின்னாலிருந்து விரி, விரி என்று முணுமுணுத்தாள். தங்கை திரும்பினாள்.

"சாமி அரிசிம்மா. மடக்கிக்கினுதான எடுக்கணும்?"

பின்னால் நின்ற பையனுக்கு அது பொறுக்கவில்லை. "எங்க வூட்ல மூணு விரலு" என்றான், பெருமையாக.

பெண்கள் எல்லோரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அம்மா மட்டும் முன்னால் வந்தாள். "மடக்கச் சொன்னது நான்தாம்மா. பாவம் என்னுது. அதுக்கு இதுங்க வயிறு காயணுமா?" என்றாள். உபதேசியாரின் மனைவி, தங்கை அப்படி எடுத்த நாலு பிடியை மட்டும் அம்மாவின் முந்தானையில் போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அம்மா உலை வைத்தாள். முறத்தில் கிடந்த அரிசியை எண்ணிவிடலாம்போல இருந்தது. அதில் தன் கையை விரித்து வைத்து, ஒரு விரலையும் மடக்காமல், நிறைய ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டாள். முறத்தில் பாதி காலி. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா தப்பாக எடுத்துவிட்டாள் என்று தங்கை அழுதாள். எனக்குக் கடவுள்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவருக்கு என்ன பசியா, இந்த நேரம் பார்த்துத்தானா அம்மாவுக்கு மனம் திரும்ப வேண்டும் என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் உபதேசியாரின் மனைவி வந்து நின்றார். தாழங்குடையை மீறி முழுக்க நனைந்திருந்தார். உள்ளே வந்து, கலயத்தை எடு என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், உள்ளேயும் பார்த்தார். பிறகு நேரே அடுப்புக்குப் போய், கொதிக்கிற உலையில் அதைக் கவிழ்க்கப் போனார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், அது சாமிக்கு வைத்தது என்று.

"முதல்ல அவருக்கு வெச்சிட்ட இல்ல, அவரு பார்த்துட்டாரு. இப்ப புள்ளைங்களுக்குப் போடு. நாளைக்கு நீயே வந்து எடு, உன் கையால."

எத்தனை பட்டினிக்கும் அழாத அம்மா, அந்த அம்மாளின் ஈரக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு பேரில் யாருக்காவது, அல்லது சாமிக்கே, மனம் மாறிவிடப்போகிறது என்று பயந்து நான் கலயத்தைப் பிடுங்கி உலையில் கவிழ்த்துவிட்டு அடுப்பை ஊத ஆரம்பித்தேன்.