ஆடி கழியட்டும் என்றார் அண்ணி

எங்கள் அண்ணனிடம் விதி என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சண்டைக்கு வந்துவிடுவார். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். விடுப்பு நாளில் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில் என்னையும் நாலைந்து நண்பர்களையும் கூட்டி வைத்து நாடகம் பழக்குவார். கீழே மெட்ரோவுக்குத் தோண்டும் சத்தத்தை மீறிக் கத்தித்தான் வசனம் பேச வேண்டும். கடைசியாக அவர் எழுதியது பழைய சோக நாடகங்களின் பாணியில் ஒன்று. ஒரு ராஜா, அவன் சாவை முன்கூட்டியே சொல்லும் ஒரு குறிகாரன். ராஜா அண்ணன். குறிகாரன் நான்.

ஐயோ பாவம், விதி ராஜாவைக் கொண்டுபோகிறதே என்று ஒத்திகையில் நான் கொஞ்சம் உருக்கமாக இழுத்துவிட்டேன். அண்ணனுக்கு வந்ததே கோபம்!

"இன்னாத்துக்குடா ஒப்பாரி வெக்கிற? விதியாவது மண்ணாவது! நீ சொல்றது ஒரு சேதி. அத்தக் கேட்டுட்டு எந்தப் பக்கம் போறதுன்றது ராஜா இஷ்டம். அவனே நடந்து போயி வுழறான். அதாண்டா சோகம். விதி கொன்னா அது வெறும் விபத்து."

"அப்போ குறிகாரன் எதுக்கு?"

"தெரிஞ்சேதான் போனான்னு ஜனங்களுக்குத் தெரியணும்ல? அதுக்குத்தான்."

ஆனி மாதக் கடைசியில் அந்த மொட்டைமாடிக்குப் படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பரிசோதித்த டாக்டர், ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். அண்ணி அழ ஆரம்பித்தார்.

"ஆடி பொறக்கப்போவுது. ஆடில போயி யாராவது நெஞ்சைக் கிழிப்பாங்களா? ஆடி கழியட்டும். ஆவணில நல்ல நாளாப் பாத்து சேத்துடலாம்."

நான் கத்தினேன். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டோம், வீடு மாற மாட்டோம், சரி. அடைத்துக்கொண்ட ரத்தக் குழாய் பஞ்சாங்கம் பார்க்குமா? அண்ணன் என்னைவிடப் பலமாகக் கத்துவார் என்று அவர் பக்கம் திரும்பினேன். மனுஷன் சிரித்தார்.

"வுடுடா. அவ நிம்மதியா இருக்கட்டும். ஆடித் தள்ளுபடிக்குக் கடையில கூட்டம் பிச்சிக்கும், லீவும் தரமாட்டான். ஒரு மாசம்தானே? நான்தான் முடிவு பண்றேன், நீ சும்மா இரு."

ஆடி பாதிகூடத் தாண்டவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில், காலையில் கடைக்குக் கிளம்பச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆட்டோவில் ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவுக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பாட்டு. "விதி முடிஞ்சிடுச்சி, யாரு இன்னா பண்ண முடியும்?" ஒவ்வொருவரையும் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. விதியாம்! டாக்டர் தமிழில்தானே சொன்னார்? அண்ணன் எல்லாம் தெரிந்து, சிரித்துக்கொண்டேதானே தள்ளிப்போட்டார்? வாழ்நாளெல்லாம் விதியோடு மல்லுக்கு நின்றவரின் சாவை அவர் கையிலிருந்து பிடுங்கி அந்த விதிக்கே கொடுக்கிறார்களே!

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு அண்ணி என்னைக் கூப்பிட்டார். ஒழுங்காகச் சாப்பிடாமல் முகமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"தம்பி, மறைக்காம சொல்லு. அன்னிக்கே சேத்திருந்தா பொழச்சிருப்பாரா? நான்தானே ஆடி ஆடின்னு அடிச்சிக்கினேன்?"

பிழைத்திருப்பார். டாக்டரும் என்னிடம் அப்படித்தான் சொன்னார். விதி இல்லை, தள்ளிப்போட்டதுதான் கொன்றது என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அண்ணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் இந்த மனுஷி மிச்ச காலத்தை எப்படிக் கழிப்பார்?

"இல்ல அண்ணி. ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் போயிருப்பாரு. விதி," என்றேன்.

அண்ணி மாலை போட்டிருந்த அண்ணன் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரு இருந்து இத்தக் கேட்டிருந்தா உன்ன அறைஞ்சிருப்பாரு," என்றார். பிறகு வாய்விட்டு அழுதார்.