இருபத்துநாலு இஞ்ச் பேரல் பத்தொன்பது ஆனது

அன்று பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி செல்வம் அண்ணன், டைரக்டர் கோ ஹெய்ன், கேமராமேன் கோ டூ, ரிட்டயரான சார்ஜெண்ட் ஊ தவுங், நான். வேறு யாரும் இல்லை. பேரல் நீளத்தை முடிவு செய்தது யார் என்று பிற்பாடு சண்டை வந்தபோது, அங்கே இல்லாத ஆளையெல்லாம் சாட்சிக்கு இழுத்தார்கள். அதனால்தான் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பட்டறை பர்மாவில், தின்கன்ஜூனில் இருக்கிறது. வீடியோ படங்களுக்குச் சாமான் செய்கிறோம். கிரீடம், வாள், கல்லறை, துப்பாக்கி எல்லாம் உண்டு. துப்பாக்கி என்றால் மரமும் நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயும்தான். சத்தத்தையும் நெருப்பையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்வார்கள். என் பெயர் மணி. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். செல்வம் அண்ணன் மட்டும் தமிழில் பேசுவார். மற்றவர்கள் பர்மியில் பேசியதை நம் பேச்சில் தருகிறேன். பெயருக்கு முன்னால் வருகிற 'கோ', 'ஊ' எல்லாம் நம் அண்ணன், ஐயா மாதிரி.

ஆர்டர்

கதையில் வில்லன் குன்றின் மேலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறவனைச் சுடுகிறான். அதற்கு ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வேண்டும். கோ ஹெய்ன் போனில் படத்தைக் காட்டினார்.

"ஸயா, பார்த்த உடனே இது தூரத்துக்குச் சுடறதுன்னு தெரியணும். பேரல் இருபத்துநாலு இஞ்ச்."

பெரிய மனிதர்களையும் கைவேலை தெரிந்தவனையும் இங்கே 'ஸயா' என்பார்கள். எனக்கு அந்த மரியாதை காரியம் ஆகிறவரைக்கும்தான்.

கோ டூ தலையில் அடித்துக்கொண்டார். "இருபத்துநாலா? ஆளைப் பிடிச்சா முனை ஃப்ரேமை விட்டு வெளிய போவுது. முனையைப் பிடிச்சா ஆள் கொசு மாதிரி ஆயிடறான். பதினாறு போதும்."

ஆலோசனைக்கென்று கூட்டி வந்திருந்த ஊ தவுங் வெற்றிலையை ஒதுக்கிவிட்டுப் பேசினார். "நீளம் கூடினா குண்டுக்கு வேகம் கொஞ்சம் கூடும். குறி கூடிடுமா? குறி சுடறவன்கிட்ட இருக்கு, பேரலோட தடிமன்ல இருக்கு. இது தானா லோடு ஆவற சாமான். ரெண்டு மூணு ரவுண்டு போட்டுட்டு எழுந்து ஓடணும். இருபத்துநாலை வெச்சுக்கிட்டு மூங்கில் புதர்ல எப்படி ஓடுவான்? இருபதுக்கு மேல வேணாம்."

"படம் பாக்கறவங்க எல்லாரும் சார்ஜெண்டா?" என்றார் கோ ஹெய்ன்.

"ஒரு சார்ஜெண்ட் பாத்துச் சிரிச்சா போதும், தெருவே சேர்ந்து சிரிக்கும்."

வேகம், தடிமன், ஃப்ரேம் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஷூட்டிங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாலாவில். இருபத்துநாலு இஞ்ச் கறுப்புக் குழாயைப் படகில் எப்படிக் கொண்டுபோவது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். "நடுவுல மரை வெச்சு ரெண்டு துண்டா செஞ்சிடறேன். பைக்குள்ள அடங்கிடும்."

"க்ளோசப்ல ஜாயிண்ட் தெரியும்" என்றார் கோ ஹெய்ன். "கோ மணிக்குக் குடை எடுத்துட்டுப் போனாக்கூட பயம்."

எல்லாரும் சிரித்தார்கள். செல்வம் அண்ணனும் சிரித்தார். "கஸ்டமர் கேக்கறதைக் குடுடா. உன் பயத்துக்கெல்லாம் அளவு பாத்தா நாம கத்திரிக்காதான் விக்கணும்."

விலை மூன்றரை லட்சம் கியாட் என்று பேசி, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் வாங்கினார்.

அந்த வாரமே கோ ஹெய்ன் போன் செய்தார்: இருபத்திரண்டு போதும். குழாயை அறுத்தேன். மறுபடி போன்: இருபத்தாறு ஆக்குங்க. அறுத்த குழாயை இழுத்து நீட்ட முடியுமா? புதுக் குழாய் வாங்கினேன். பெயிண்ட் காய்வதற்குள் மறுபடி போன்: "முதல்ல சொன்னதே இருக்கட்டும் ஸயா." முதலில் சொன்னதே இருக்கட்டும் என்பதற்கு இரண்டு குழாய் ஆயிற்று.

குழாய் வளையாமல் இருக்க உள்ளே தேக்குக் குச்சி செருகினேன். ஊ தவுங் இன்னொன்றும் சொல்லியிருந்தார். எடை இல்லாத துப்பாக்கியைத் தூக்கினால் கையே காட்டிக்கொடுத்துவிடுமாம். அதனால் தோளில் வைக்கிற கட்டைக்குள் இரும்புத் துண்டுகளை வைத்து மூடினேன். நல்ல வேலை. அந்த நல்ல வேலைதான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

டாலா

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. துப்பாக்கி முழுசாக வாசலைத் தாண்டாது. பேரல் ஒருவர் கையில் ஒரு படகில் போகும், கட்டை இன்னொருவர் கையில் அடுத்த படகில் போகும். இடத்தில் போய்த்தான் பூட்டுவோம். நிஜமில்லை என்று தெரிய, கேமரா ஓடும்வரை முனையில் சிவப்பு மூடி இருக்கும். டேக் முடிந்ததும் துப்பாக்கியை மறுபடி இரண்டாகக் கழற்றிவிடுவோம்.

அன்றும் பேரலைத் தூண்டில் கம்புகளோடு கட்டி நான் கொண்டுபோனேன். படகில் ஒரு அம்மா, "என்ன மீன் பிடிக்கப் போறீங்க?" என்று கேட்டாள். எனக்கு ஒரு மீன் பெயரும் வாயில் வரவில்லை. "பெருசு" என்றேன்.

கரையிலிருந்து சைக்காரில், அதாவது பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷாவில், ஆற்றோர மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பின்னாலேயே செல்வம் அண்ணனும் கட்டையோடு வந்தார். பூட்டினேன். பேரல் நீளம் அதிகம் என்பதால் பூட்டின இடத்தில் லேசாக ஆடியது.

"ஆடுது. பசை போட்டு ஒட்டுங்க" என்றார் கோ ஹெய்ன்.

"ஒட்டினா கழட்ட முடியாது, டைரக்டர்."

"எதுக்குக் கழட்டணும்? சாயங்காலம் ப்ரொட்யூசர் கார்ல போவுது. உனக்கென்ன?"

செல்வம் அண்ணனைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். ஒட்டினேன்.

முதல் ஷாட்டுக்கு முன் இடத்தைக் காக்கிற 'நாட்' தெய்வத்துக்குத் தேங்காயும் வாழைப்பழமும் வைத்துக் கும்பிடுவது வழக்கம். அன்றைக்குப் படத்தில் வருகிற சாமான் எல்லாவற்றையும் எதிரே அடுக்குவார்கள். ரைஃபிளை இரண்டு நாற்காலிமேல் படுக்க வைத்தார்கள். ஒரு ஃபோட்டோ எடுக்க வேண்டுமாம்.

"அந்தச் சிவப்பு மூடி அசிங்கமா இருக்கு. எடுத்துடுங்க."

"டைரக்டர், முனை ஆத்தைப் பாத்து இருக்கு."

"ஒரு நிமிஷம் ஸயா, ஒரே நிமிஷம்."

மூடியை அவரே உருவிப் போட்டார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் படகு வந்தது. மேல்தட்டு முழுக்க ஜனம். முதலில் ஒருவர் கை நீட்டினார். பிறகு அந்தப் பக்கமே காலியாகி, எல்லாரும் குனிந்துவிட்டார்கள். ஒரு குழந்தையின் அழுகை கரைவரை கேட்டது.

நான் மூடியைத் தேடினேன். அது வாழைப்பழத் தட்டுக்குள் விழுந்திருந்தது. எடுப்பதற்குள் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்களும் வார்டு ஆபீஸ்காரர் ஒருவரும் ஓடி வந்துவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது நிஜம்.

"எல்லாரும் உக்காரு! கை தலைமேல!"

உட்கார்ந்தோம். ஷூட்டிங் பெர்மிட் ப்ரொட்யூசர் காரில் இருந்தது. கார் இன்னும் வரவில்லை.

"யார் செஞ்சது இது?"

கை தலைமேல் இருக்கும்போதே எல்லாரும் முகவாயால் என்னைக் காட்டினார்கள். செல்வம் அண்ணன் உட்பட.

"மரம்தான் ஸயா, குழாய்தான்" என்றேன்.

ஒருவன் காலால் கட்டையைத் தள்ளிப் பார்த்தான். இரும்பு வைத்த கட்டை லேசில் அசையவில்லை. "மரமாம். இந்த எடையில மரமா? கழட்டிக் காட்டு."

"ஒட்டியிருக்கு."

"யாரு ஒட்டச் சொன்னது?"

கோ ஹெய்ன் தரையைப் பார்த்தார். அந்த ஆள் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். "வா. ஆபீஸ்ல வந்து சொல்லு."

அப்படிப் போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. என் மனைவிக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று மனசு ஓடியது. செல்வம் அண்ணன் சொல்ல மாட்டார், அவருக்கு அவள் திட்டுவாள் என்ற பயம்.

"அறுத்துக் காட்டறேன்!" என்று கத்திவிட்டேன். "என் பையில ரம்பம் இருக்கு. அறுத்தே காட்டறேன்."

வார்டு ஆபீஸ்காரர் யோசித்துவிட்டுப் பையிலிருந்து ரம்பத்தைத் தானே எடுத்துக் கொடுத்தார். ஒரு துப்பாக்கி என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ ஸயா, நுனியில மட்டும்!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கெஞ்சினார் கோ ஹெய்ன்.

நுனி எது, நடு எது? கட்டைவிரல் பட்ட இடத்தில் ரம்பத்தை வைத்து இழுத்தேன். கறுப்புப் பெயிண்ட் உரிந்து நீலத் தூள் கொட்டியது, பிறகு மரத்தூள். துண்டு கீழே விழுந்தது. சுற்றிலும் நீல வளையம், நடுவில் தேக்குக் குச்சி.

வார்டு ஆபீஸ்காரர் அதை எடுத்து முகர்ந்தார். "எங்க வீட்டு பாத்ரூம்ல இதே குழாய்தான்" என்றார். காலரிலிருந்து கை போயிற்று. பெர்மிட் வரும்வரை உட்கார வைத்தார்கள். காரும் வந்தது. படகுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், கேட்டோம். போகும்போது அவர் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பிக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

மிச்சத்தை அளந்தேன். பத்தொன்பது இஞ்ச்.

கணக்கு

முனையைத் தேய்த்துக் கறுப்பு டேப் சுற்றி அதையே வைத்துப் படம் எடுத்தார்கள். கோ டூவுக்கு ஒரே சந்தோஷம், ஆளும் முனையும் ஒரே ஃப்ரேமில் வந்தது. வில்லன் வேஷக்காரர் மூங்கில் புதரில் தட்டாமல் ஓடினார். ஊ தவுங் போனில் பார்த்துவிட்டு, "இப்பத்தான் சரியா இருக்கு. யாருப்பா முடிவு பண்ணது?" என்றார். 'நான்தான்' என்று கோ ஹெய்ன் சொன்னார், 'நான்தான்' என்று செல்வம் அண்ணனும் சொன்னார். முடிவு செய்தது என் கட்டைவிரல்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பேரல் நீளம் கேட்டு வந்தால், துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும் என்று கேட்காதீர்கள், நம்முடையது எங்கேயும் சுடாது. யார் பிடிக்கப் போகிறார், எதில் ஏற்றிப் போகிறோம், வழியில் யார் கண்ணில் படும் என்று கேளுங்கள். பிறகு அளவு சொல்லுங்கள். ஒட்டச் சொன்னால் ஒட்டாதீர்கள். சிவப்பு மூடியை ஒரு நூலில் கட்டித் துப்பாக்கியிலேயே தொங்க விடுங்கள்.

பாக்கி இரண்டு லட்சத்தைக் கேட்கப் போனேன். கோ ஹெய்ன் அளக்கிற டேப்பை எடுத்து என் முன்னாலேயே அளந்தார். "ஆர்டர் இருபத்துநாலு. வந்தது பத்தொன்பது. இஞ்சுக்குப் பத்தாயிரம் கழிச்சுக்கறேன்."

அவர் கணக்கில் இன்னும் தர வேண்டியது ஒன்றரை லட்சம் கியாட். என் கணக்கில் இரண்டு லட்சம்.